வலது விளிம்பு

சியாட்டில், பல்லார்ட் பாலத்துக்குக் கீழே
ஜூலை 3, 1978

தோரா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் இந்தக் கடிதத்தையும் படிக்காமல் கிழித்துப் போடுவாய். ரேடியோ போனில் கூப்பிட்டால் போன மாதம் மாதிரி பாதியில் வைத்துவிடுவாய். அதோடு உன் வளைகுடாவில் நிற்கிற அத்தனை மீன்பிடிப் படகும் நம் சண்டையை உட்கார்ந்து கேட்கும். ஆகவே கடிதம்.

விஷயம் இது. ஆகஸ்ட் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பெரிய பந்தயத்துக்கு முன்னால், பழைய பந்தயப் படகுகளை ஏரியில் ஐந்து சுற்று ஓடவிடுகிறார்கள். 'மிஸ் ஹெரிங்' ஓடும். ஓட்டப் போவது உன் அண்ணன் ரோல்ஃப். அனுமதிச் சீட்டு வந்துவிட்டது.

உன் அப்பாவின் படகை நான் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்த அன்றைக்கே நீ மோதிரத்தைக் கழற்றி என் கருவிப் பெட்டியில் போட்டுவிட்டு அலாஸ்காவுக்குப் போய்விட்டாய். (இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. அரை அங்குல ஸ்பேனர் இருக்கிற அறையில்.) நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? உன் அம்மா போன பிறகு கொட்டகையை விற்றாயிற்று. வாங்கியவன் படகை அறுத்து விறகாக்கப் போவதாகச் சொன்னான். ரோல்ஃப் என்னிடம் வந்து நின்றான். நான் விமானத் தொழிற்சாலையில் இறக்கைகளுக்குக் கணக்குப் போடுகிறவன். உடைந்த படகைச் சரிசெய்ய என்னால் முடியும். முடியும் என்றால் செய்ய வேண்டியதுதானே.

இப்போது உன்னிடம் ஒன்று வேண்டும். எந்தத் தேதியில் படகில் எதை மாற்றினார் என்று உன் அப்பா எழுதி வைத்த நோட்டு ரோல்ஃபிடம் இருந்தது. முழுக்கப் படித்துவிட்டேன். 1957 மே மாதத்தில் ஒரு தாள் இல்லை. பிய்த்து எடுத்ததில்லை, ஸ்கேல் வைத்து நேர்கோட்டில் கிழித்தது. உங்கள் வீட்டில் தாளை ஸ்கேல் வைத்துக் கிழிக்கிற ஆள் நீ ஒருத்திதான்.

அதில் என்ன இருந்தது?

பக்கத்து ஷெட்டில் வலை தைக்கிற பெர்னிஸ் தினமும் எட்டிப் பார்த்து, "என்னப்பா இன்ஜினியரே, உன் மீனு தண்ணிக்குப் போகுமா, இல்ல கருவாடாவே கெடக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு அந்தத் தாள் வேண்டும்.

சீக்கிரம் எழுது.

கென்


ஓட்டர் கோவ் மீன் தொழிற்சாலை, அலாஸ்கா
ஜூலை 11

திரு. கென் மொரிட்டா அவர்களுக்கு,

இப்படி எழுதினால் உனக்கு எரிச்சல் வரும் என்று தெரியும். அதற்காகத்தான்.

தபால் விமானம் இங்கே செவ்வாயும் வெள்ளியும்தான். மூடுபனி இருந்தால் அதுவும் கிடையாது. உன் 'சீக்கிரம்' இங்கே செல்லுபடியாகாது. சால்மன் வரத்துத் தொடங்கிவிட்டது. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறேன். கையில் செதில் ஒட்டியபடிதான் இதை எழுதுகிறேன். கடிதம் நாறினால் பொறுத்துக்கொள்.

தாளைக் கிழித்தது நான்தான். பதினைந்து வயதில். அதில் ஒன்றும் இல்லை. அம்மா கடைச் சாமான் பட்டியல் எழுதியிருந்தாள். மாவு, காபி, உப்பு ஒரு மூட்டை. அவள் கையெழுத்து வேண்டும் என்று எடுத்து வைத்தேன். போதுமா?

என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறாய். அறுக்க விட்டிருக்கலாம்.

மற்றவர்கள் படகுகளில் பீர் பெயரும் சிகரெட் பெயரும் இருக்கும். அப்பா புகைமீன் கடைக்காரர். தன் படகுக்கு மீன் பெயர் வைத்தார். அது போகும்போது கரையில் நிற்கிற கூட்டம் மூக்கைப் பொத்திக் காட்டும். அப்பா சிரித்துக்கொண்டே கையசைப்பார். எனக்கு அவரைப் பற்றி நன்றாக நினைவிருப்பது அந்தக் கை மட்டும்தான்.

மீதி உனக்குத் தெரியும். தெரிந்ததையே எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை இன்ஜின் பாகம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் பிக்கப் வண்டியின் கூரை மேல் உட்கார்ந்திருந்தேன். ஏழு வயது. இரண்டாவது திருப்பம். முன்னால் போன படகிலிருந்து ஓட்டுநர் தண்ணீரில் விழுந்துவிட்டார். படகுகளின் பின்னால் எழும் நீர்ச்சுவர் மறைத்ததில் கரையில் இருந்த எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. அந்த ஆள் மேல் ஏறிவிடாமல் இருக்க வலப்பக்கம் ஒடித்தார். படகு உருண்டது. தண்ணீரில் கிடந்த ஆள் பிழைத்துக்கொண்டான். விசாரணைக் குழு ஒரே வரி எழுதியது: ஓட்டுநர் பதறி, தவறாகத் திருப்பினார்.

அம்மா இருபது வருஷம் கொட்டகைப் பக்கத்து ஜன்னல் திரையை விலக்கவே இல்லை.

ரோல்ஃபை அந்த இருக்கையில் உட்கார வைக்காதே. இது வேண்டுகோள் இல்லை.

தோரா


சியாட்டில்
ஜூலை 15

தோரா,

நாறத்தான் செய்தது. பெர்னிஸ் மோந்து பார்த்து, "காதல் கடுதாசி மாதிரி தெரியலையே" என்றாள்.

உன் அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது. ஃபெரி கப்பலின் இன்ஜின் அறையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவன். நான் அவனை எதிலும் உட்கார வைக்கவில்லை. அவன்தான் வேலை முடிந்து வந்து, இன்ஜின் இல்லாத படகில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல என்னப் பார்த்தாலே 'பதறு, பதறு'ன்னு கத்துவானுங்க கென். அப்பா நல்லவருதான். ஆனா பதறிட்டாரு. அந்த ரெண்டாவது திருப்பத்த நான் ஒரே ஒரு தடவ பதறாம சுத்தி வந்துட்டாப் போதும்" என்றான். ஏதோ வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரிச் சொன்னான்.

இனி நான் கண்டுபிடித்தது. கோபப்படாமல் படி. நான் மரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன், மனிதரைப் பற்றி இல்லை.

படகைக் கட்டியவர் போட்ட மூல வரைபடம் என்னிடம் இருக்கிறது. அதன்படி முன்புறம் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கிற மிதவைகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வெளி விளிம்பு இரண்டும் கூராக, செங்கோணமாக. இடது மிதவை உருண்டதில் நொறுங்கியிருந்தது. வரைபடப்படி புதிதாகச் செய்துவிட்டேன். பிரச்சினை வலதில். அதன் வெளி விளிம்பு நுனியிலிருந்து பின்முனை வரை எலி தின்ற மாதிரி மழுங்கிக் கிடக்கிறது. மேடு பள்ளம். எந்த இரண்டு இடத்திலும் அளவு ஒன்றாக இல்லை. ஆனால் கடைசிப் பந்தயத்துக்கு அடித்த ஆரஞ்சு பெயின்ட் அந்த மேடு பள்ளத்தின் மேலேயே இருக்கிறது. ஆக, இது விபத்துக்கு முந்தைய சேதம். எங்கோ கரைக் கல்லில் உரசியிருக்கிறது. உன் அப்பா அதைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடித்துப் பந்தயத்தில் இறக்கியிருக்கிறார்.

அவர் பதறியும் இருக்கலாம். ஆனால் படகும் சரியில்லை. திடீரென்று திருப்பியதும் நிலை தவறியதற்கு அதுதான் காரணம் என்பது என் முடிவு.

வலது விளிம்பை வரைபடப்படி கட்டிவிடப் போகிறேன். அதோடு உன் அப்பாவைக் கொன்ற கோளாறு அந்தப் படகில் இருக்காது. நீ பயப்பட ஒன்றுமில்லை. இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை முதல் சோதனை ஓட்டம்.

கென்


ஓட்டர் கோவ்
ஜூலை 21

கென்,

என் அப்பா உரசிய படகுக்குப் பெயின்ட் அடித்து இறக்கினாரா? கடையில் ஒரு மீன் வால் ஒடிந்திருந்தால்கூட அதைத் தட்டில் வைக்க விடாத மனிதர் அவர். நீ பார்த்தே இராத ஒருவரைப் பற்றி இரண்டு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு, மரத்தைப் பற்றித்தான் சொன்னேன் என்கிறாய். விசாரணைக் குழுவில் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

ரோல்ஃபைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டது எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் சொன்னதே இல்லை.

வலது விளிம்பைத் தொடாதே. இருந்தபடி விட்டுவிடு. ஏன் என்று கேட்காதே.

(இங்கே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். படிக்க முயற்சி செய்யாதே.)

படகை ஓட்டாமல் கரையில் நிறுத்திக் காட்டினால் போதாதா? ஜனங்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும். அதற்கு நான் சம்மதம் எழுதித் தருகிறேன். படகில் பாதி எனக்கும் சொந்தம் என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள்.

தொடாதே, கென்.

தோரா


சியாட்டில்
ஜூலை 24, விரைவுத் தபால்

தோரா,

'ஏன் என்று கேட்காதே' என்பது ஒரு காரணம் ஆகாது. என் அலுவலகத்தில் ஒரு ஆணியை மாற்று என்று சொன்னால்கூட ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நீ அடித்த வரிகளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பேன் என்று நினைத்தாயா? 'அப்பாவே' என்ற ஒரு சொல் தெரிந்தது. மீதியைக் குத்திக் கிழித்திருக்கிறாய்.

பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். கிழிந்த தாளுக்கு அடுத்த தாளில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். மேல் தாளில் அழுத்தி எழுதியது இரண்டு இடத்தில் பதிந்திருந்தது. ஒன்று 'வலது'. இன்னொன்று 'எட்டில் மூன்று அங்குலம்'. மாவு, காபி, உப்புப் பட்டியலில் எட்டில் மூன்று அங்குலம் எங்கே வரும் தோரா? நீ பொய் சொல்லியிருக்கிறாய். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள இப்போது நேரமும் இல்லை.

ஒரு விதத்தில் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. விளிம்பில் போயிருக்கிற மரத்தின் சராசரி ஆழமும் எட்டில் மூன்றுதான். உன் அப்பா சேதத்தை அளந்து குறித்து வைத்திருக்கிறார். அதே எட்டில் மூன்றைப் புது மரம் ஒட்டி நிரப்பிவிட்டேன். நேற்று முடிந்தது. இரண்டு விளிம்பும் இப்போது சவரக் கத்தி மாதிரி ஒன்றுபோல் இருக்கின்றன. இவ்வளவு நேராக அந்தப் படகு பிறந்தபோதுகூட இருந்திருக்காது.

வெள்ளி காலையிலேயே படகை ஏரிக்குக் கொண்டுபோகிறோம். ஷெட் பூட்டியிருக்கும். நானும் ரோல்ஃபும் வண்டியிலேயே தங்குவோம். சனி காலை எட்டு மணிக்குத் தண்ணீரில். முதல் சுற்று மெதுவாக. அடுத்தது மணிக்கு நூறு மைல்.

முடிந்ததும் எழுதுகிறேன்.

கென்


ஓட்டர் கோவ், ரேடியோ அறை
ஜூலை 28, வெள்ளி, பிற்பகல்

கென்,

உன் கடிதம் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வந்தது. நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் ரேடியோ போனுக்கு என் முன்னால் மூன்று பேர் வரிசையில் இருக்கிறார்கள். சும்மா நின்றால் பைத்தியம் பிடித்துவிடும். 'சாண்ட்ரா லீ' படகுக்காரர் தன் மனைவியிடம் துணி துவைக்கிற மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். வளைகுடா முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தத் தாள் இதோடு இருக்கிறது. நகல் இல்லை, அதேதான். பதிமூன்று வருஷமாக என் பர்ஸில் மடித்து வைத்திருந்தது. அப்பா எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன். தாள் தொலைந்தாலும் இது இருக்கட்டும்.

'மே 19. வலது வெளி விளிம்பை இழைப்புளியால் இழைத்தேன். எட்டில் மூன்று அங்குலம், முழு நீளமும், சரிவாக. இடதைத் தொடவில்லை. ஓட்டிப் பார்த்தேன். திருப்பத்தில் முன்பைவிடப் பன்னிரண்டு மைல் கூடுதல். சறுக்கிக்கொண்டு வெண்ணெய் மாதிரி வருகிறாள். ஆனால் இனி இவளை வேகத்தில் வலப்பக்கம் திருப்பக் கூடாது. திருப்பினால் இடது விளிம்பு தண்ணீரில் குத்தி உருண்டுவிடுவாள். நினைவில் வை, எய்னார்.'

பந்தயத்தில் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்தான் என்று உனக்குத் தெரியும். இடப்பக்கம் திரும்பும்போது படகு வலப்பக்கம் சறுக்கும். மழுங்கிய விளிம்பு சறுக்கவிடும். நீ கட்டி வைத்திருக்கிற சவரக் கத்தி தண்ணீரைக் குத்தும். அது சேதம் இல்லை கென். அவர் கையால் செய்தது.

நான் ஏன் கிழித்தேன் என்று கேட்டாய். கடைசி இரண்டு வரிக்காக. அவர் பதறவில்லை. மறக்கவும் இல்லை. வலப்பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று தன் பெயரைப் போட்டு எழுதி வைத்திருந்தவர், தெரிந்தே திருப்பினார். பிக்கப் கூரை மேல் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், அம்மா கீழே ரொட்டி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எங்களைவிட, தண்ணீரில் கிடந்த யாரோ ஒருவனைத் தேர்ந்தெடுத்தார். பதினைந்து வயதில் அதைப் படித்தபோது ரோல்ஃப் பார்க்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அப்பா பதறினார் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும், அது இதைவிட மேல் என்று.

மெஷின் விவகாரம் முடிந்தது. என் முறை.

...

உன் ஷெட்டில் மணி பதினெட்டு தடவை அடித்தது. யாரும் எடுக்கவில்லை. பக்கத்து ஷெட்டைக் கேட்டேன். ஆபரேட்டர் தேடி பெர்னிஸைப் பிடித்துக் கொடுத்தாள். "இரு கண்ணு, பென்சில் எடுத்துக்கறேன். மெதுவாச் சொல்லு" என்றாள். தாள் முழுவதையும் படித்தேன். கடைசி வரியும். வளைகுடாவில் ஒரு படகும் இடையில் மூச்சு விடவில்லை. அவளிடம் கார் இல்லையாம். "ரெண்டு பஸ் மாறணும், இன்னைக்கு அங்க போற கடைசி பஸ் போயிருச்சு. காலைல மொத பஸ்ஸுக்குப் போறேன். எட்டு மணிக்குள்ள சேர்ந்துருவேனான்னு தெரியல. சேரப் பாக்கறேன்" என்றாள்.

விமானி கதவைத் தட்டுகிறான்.

தோரா


சியாட்டில்
ஜூலை 29, சனி

தோரா,

'ரோல்ஃப் நலம்' என்று ரேடியோவில் சொன்னதோடு லைன் போய்விட்டது. மீதி இது.

எட்டு மணிக்குப் படகை இறக்கினோம். ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் சுற்று எழுபது மைல். நேரே போகும்போது ஒரு குறையும் இல்லை. இரண்டாவது திருப்பத்தில் படகு ஒருமுறை வெட்டி இழுத்தது, கரையிலிருந்தே தெரிந்தது. ரோல்ஃப் வேகத்தைக் குறைத்துக் கொண்டுவந்துவிட்டான். "வலப்பக்கம் யாரோ கையப் புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சுடா" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சுக்கான் இறுக்கம் சரியில்ல. வேகம் கூடுனா சரியாயிரும்" என்றேன். சுக்கானில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினேன். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பெல்ட்டைப் போட்டான். நூறு மைலுக்கு.

இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. கயிற்றை நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பெர்னிஸ் மரப்பாலத்தில் ஓடி வருகிறாள். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் வலைக்கடை பில் புத்தகம். அவள் கத்தியது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. காகிதத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

படிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியில் என் மண்டைக்குள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். 'என் கணக்கு தப்பாக இருக்காது' என்றுதான் முதலில் தோன்றியது. ஆமாம், முதலில் அதுதான். பிறகு இடப்பக்கத் திருப்பத்தைக் கற்பனை செய்தேன். சறுக்கலை. கத்தியை. எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தது. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டியது. விமானத்துக்கு இரண்டு இறக்கையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அது இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். ஒரே பக்கம் மட்டும் திரும்புகிற ஒன்றை நான் வாழ்க்கையில் தொட்டதே இல்லை. கையால் இழைத்த மேடு பள்ளத்தைப் பார்த்துச் சேதம் என்றேன், ஏனென்றால் என் அலுவலகத்தில் யாரும் கையால் இழைப்பதில்லை.

கழுத்தில் கையை வைத்து வெட்டிக் காட்டினேன். ரோல்ஃப் இன்ஜினை அணைத்தான்.

இனி நீ பயந்தது. காகிதத்தை அவனிடமிருந்து மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் ஒரு தாளை மறைத்தது போதும் என்று நினைத்தேன்.

அவன் வலது மிதவை மேல் உட்கார்ந்து படித்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு தடவை படித்தான். பிறகு பெர்னிஸைப் பார்த்து, "இந்தக் கடைசி வரி அப்பா எழுதுனதா, தோரா சேத்துச் சொன்னதா?" என்று கேட்டான். "உன் தங்கச்சி வாசிச்சதத்தான் எழுதுனேன் ராசா. ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கல" என்றாள் அவள்.

"அப்போ அவருக்குத் தெரியும்" என்றான்.

நான் அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டினேன்.

"இருபத்தோரு வருஷமா எங்கப்பா ஓட்டத் தெரியாமச் செத்தாருன்னு நெனச்சிட்டிருந்தேன்டா. தெரிஞ்சுதான் திருப்பியிருக்காரு. பதறல." அதையே நாலைந்து தடவை சொன்னான். பதறல, பதறல என்று. அழுதானா சிரித்தானா என்று எனக்குத் தெரியவில்லை, ஹெல்மெட் இருந்தது. பிறகு எழுந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இழைப்புளி எங்க?"

நீ அவனுக்குக் கேடு என்று மறைத்த வரியை அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறான். மூலத் தாள் வந்ததும் அவனிடம் கொடுத்துவிடுவேன்.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் அண்ணனை நான் கொல்லப் பார்த்தேன், சுத்தமான அளவுகளோடு.

கென்


ஓட்டர் கோவ்
ஆகஸ்ட் 4

கென்,

உன் தவறு எட்டில் மூன்று அங்குலம். என்னுடையது பதிமூன்று வருஷம். யாருடையது பெரிது என்று சண்டை போட வேண்டாம்.

உன் கடிதத்தை ஐஸ் இறக்குகிற இடத்தில் நின்று படித்தேன். ரோல்ஃப் அப்படி எடுத்துக்கொள்வான் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. ஒரே வரி. எனக்கு அது 'உங்களை விட்டுப் போனேன்' என்று கேட்டது. அவனுக்கு 'பதறவில்லை' என்று கேட்டிருக்கிறது. இன்னும் எனக்கு முதலாவதுதான் கேட்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வளைகுடா முழுக்கக் கேட்டதால் இப்போது எல்லோருக்கும் என் கதை தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காபிக் கெட்டிலை மட்டும் என் பக்கம் முதலில் தள்ளுகிறார்கள். துணி மெஷின்காரர் மட்டும், 'சாண்ட்ரா லீ' கிழவர், பின்லாந்துக்காரர், நேரே வந்து நின்றார்.

"தண்ணில விழுந்தானே, அந்த ஆளு பேரு என்னம்மா?"

"தெரியாது."

"தெரியாதா? இருபத்தோரு வருஷமா?"

"கேட்டதில்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஒருத்தன ஒருக்கா கடல்லேருந்து இழுத்துப் போட்டிருக்கேன். அவன் நாய் பேரு வரைக்கும் எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்குக் கேக்க நேரமில்ல. நீயாவது கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஐஸ் வாங்கப் போய்விட்டார்.

எரிச்சலாக இருந்தது. பிறகு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரோல்ஃப் ஓட்டட்டும்; இது உன் கைக்கு வருவதற்குள் ஓட்டியும் முடித்திருப்பான். நான் வரவில்லை. என்னால் அந்தக் கரையில் நிற்க முடியாது. 'மிஸ் ஹெரிங்' எப்படித் திரும்பினாள் என்று எழுது. அந்த ஆளின் பெயரையும்.

தோரா


சியாட்டில்
ஆகஸ்ட் 9

தோரா,

ஐந்து சுற்று. வரிசையில் ஆறு பழைய படகுகள், நாங்கள் கடைசி. கூட்டத்தில் வயதானவர்கள் நிறைய. 'மிஸ் ஹெரிங்' வரும்போது அவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ரோல்ஃப் கையசைத்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது திருப்பம். நான் வாட்சைப் பார்க்கவில்லை. சறுக்கினாள். வெண்ணெய் மாதிரி என்று உன் அப்பா எழுதியது சரிதான். நான் அப்படி எழுத மாட்டேன், ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. ஐந்து தடவையும் அப்படியே. கரைக்கு வந்ததும் ரோல்ஃப் சொன்னது: "ஒண்ணுமே ஆகலடா. அதான் விசேஷம்."

விளிம்பை அவனேதான் இழைத்தான். என்னை அளக்கக்கூட விடவில்லை. மேடு பள்ளமாகத்தான் இருக்கிறது.

அந்த ஆள். பெயர் டுவைட் ஸ்டாகர். வயது அறுபத்திரண்டு. அன்றைக்குப் பிறகு அவர் பந்தயத்தில் ஓடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டும் மீட்புப் படகில் இருக்கிறார். எந்த இடத்தில் என்று நீயே சொல்லிவிடுவாய்: இரண்டாவது திருப்பம். இருபத்தொரு வருஷமாக. ரோல்ஃபுக்குத் தெரியுமாம். "ஏண்டா தோராகிட்டச் சொல்லல?" என்றேன். "அவ கேக்கல. நான் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவா" என்றான். ஞாயிறன்றும் அவர் அங்கேதான் நின்றார். படகு கடந்து போன ஐந்து தடவையும் தொப்பியைக் கழற்றினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. நான் பைனாகுலரில் திருப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் குறுக்கே வந்தார்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த மூல வரைபடம் தப்பு. அடுத்து எவனாவது என்னைப் போல ஒரு முட்டாள் அதைப் பார்த்து விளிம்பை நிரப்பிவிடக் கூடாது. ஆகவே வரைபடத்தைத் திருத்திவிட்டேன். கீழ் மூலையில் திருத்தங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. தேதி என்ற கட்டத்தில் 'மே 19, 1957' என்று எழுதினேன். திருத்தம்: 'வலது வெளி விளிம்பு, எட்டில் மூன்று அங்குலம் நீக்கம்.' செய்தவர்: 'எய்னார் ஹோவ்லண்ட்.' சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

கடைசிக் கட்டம் 'காரணம்'. அதைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் தொழிற்சாலையில் எப்படியோ, என் அலுவலகத்தில் அது காலியாக இருந்தால் வரைபடம் செல்லாது. என்ன எழுதட்டும்?

கென்


ஓட்டர் கோவ்
ஆகஸ்ட் 15

கென்,

'இடப்பக்கம் வேகம்' என்று எழுது. மே மாதம் அவர் அதை இழைத்ததற்கு அவ்வளவுதான் காரணம். ஜெயிக்க ஆசைப்பட்டார்.

ஆகஸ்டில் வலப்பக்கம் திருப்பியதற்கு உன் வரைபடத்தில் கட்டம் கிடையாது. அதை ஸ்டாகரிடம் கேட்டால் தெரியுமா என்று பார்க்கிறேன். அவருக்கும் தெரிந்திருக்காது. இருந்தாலும் அவரிடம் நாய் இருக்கிறதா, அதன் பெயர் என்ன என்றாவது கேட்க வேண்டும். கேட்காமல் போனால் பின்லாந்துக்காரர் காபிக் கெட்டிலை என் பக்கம் தள்ள மாட்டார்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் இடம் சொல்லியிருக்கிறேன். மூடுபனி இல்லாவிட்டால் சனி காலை வருவேன். முதலில் இரண்டாவது திருப்பம். பிறகு ரோல்ஃப். பிறகுதான் உன் ஷெட்.

கருவிப் பெட்டியில் அரை அங்குல ஸ்பேனர் இருக்கிற அறையை நீ திறந்து வைக்க வேண்டாம். எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியும்.

தோரா